சுவரில் வாழும் ரவிவர்மா



பரிசளிப்பு விழா மேடையில் அடுக்கி வைத்திருக்கும் பொட்டலங்களைப் பாருங்கள். அகராதி இருக்கும், கதைப் புத்தகம் இருக்கும், எப்படியும் ஒன்றிரண்டு வர்ணக் குச்சிப் பெட்டியும் இருக்கும். புஞ்சோ என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெட்டி உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தால், வீட்டுக்குப் போனதும் ஒரு குச்சியை எடுத்துக் கையில் உருட்டிப் பாருங்கள். கொஞ்சம் பிசுபிசுக்கும். வர்ணப் பொடியை எண்ணெயிலும் மெழுகிலும் குழைத்து உருட்டியதுதான் அது. பென்சில் கோடு போடும், அவ்வளவுதான். இந்தக் குச்சியை அழுத்தினால் வர்ணம் கெட்டியாக இறங்கும். சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சளைப் பூசி விரலால் தேய்த்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து அம்மாவின் கன்னமாகிவிடும். சட்டையெல்லாம் கறையாகிவிடும் என்பதும் உண்மைதான். அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். நான் சொல்லப்போகும் மனிதரும் வீட்டுச் சுவரைக் கரியால் பாழாக்கியவர்தான்.

எண்ணெய் வர்ணத்தைக் குச்சியாக உருட்டி விற்கும் வேலையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் ரஃபயெல்லி என்ற ஓவியர் செய்து காட்டினார். பிள்ளைகள் கையில் கொடுக்கும்படியான மலிவுக் குச்சி 1920களின் நடுவில் ஜப்பானிலிருந்து வந்தது. பள்ளிக்கூடப் பெட்டியில் இருப்பது காயாத எண்ணெய். ஓவியர்கள் வாங்கும் பெரிய குச்சியில் காயும் எண்ணெய் இருப்பதால், அதன்மேல் மெல்லிய தோல் கட்டும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வரைய வேண்டும். இன்று காசு கொடுத்தால் இரண்டும் கடையில் கிடைக்கும். ஆனால் வர்ணத்தை எண்ணெயில் குழைத்து ஒரு முகத்தைப் பேசவைப்பது எப்படி என்பது, ஒரு காலத்தில் அரண்மனைக்குள் பூட்டிவைத்த இரகசியமாக இருந்தது. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு பையன் ஆண்டுக்கணக்கில் அலைந்தான். அவன் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். அவன் வரைந்த படத்துக்கு முன்னால் உங்கள் பாட்டி கண்டிப்பாகச் சூடம் காட்டியிருப்பார்.

ராஜா ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவாங்கூர் நாட்டில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அரண்மனை என்றதும் தங்கக் கூரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அரச குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொள்ளும் பெரிய வீடு அது. தாயார் உமாம்பா தம்புராட்டி கல்வி கற்ற அம்மையார். தாய்மாமன் ராஜராஜ வர்மா தஞ்சாவூர் பாணியில் படம் எழுதத் தெரிந்தவர். மருமகன் கரித்துண்டை எடுத்துப் பூசி வைத்த சுவரெல்லாம் மாடும் யானையுமாக வரைந்து தள்ளியதைப் பார்த்து வேலைக்காரர்கள் பதறினார்களாம். மாமன் மட்டும் அந்தக் கோட்டை நின்று பார்த்தார். பையனுக்கு அடி விழவில்லை, பாடம் ஆரம்பமாயிற்று.

1862ஆம் ஆண்டு, பையனுக்குப் பதினான்கு வயது. மாமன் அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் காட்டினார். மகாராஜாவுக்குப் பையனைப் பிடித்துப்போய், அரண்மனையில் தங்கிப் படம் எழுதலாம் என்று அனுமதித்தார். அங்கேதான் ரவிவர்மா எண்ணெய் வர்ண ஓவியத்தைக் கண்ணால் கண்டார். அதுவரை அவர் பழகியதெல்லாம் தண்ணீர் வர்ணம். தண்ணீர் வர்ணம் சட்டென்று உலர்ந்துவிடும், போட்டது போட்டதுதான். எண்ணெய் வர்ணம் அப்படியில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுபட்டு மெல்ல மெல்ல இறுகும், நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நெற்றியின் வெளிச்சத்தைக் கன்னத்தின் நிழலோடு இழைக்கலாம். பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பட்டுச் சேலையின் மினுக்கு, கண்ணோரத்தில் கோத்து நிற்கும் நீர், பயத்தில் வெளுத்த உதடு, எல்லாம் இந்த ஈரத்துக்குள்தான் இருக்கிறது. மனசில் இருப்பதை முகத்தில் கொண்டுவர வேண்டுமானால் இந்த வித்தை வேண்டும் என்பதைப் பையன் அன்றே புரிந்துகொண்டான்.

வித்தை தெரிந்தவர் அரண்மனை ஓவியராக இருந்த இராமசாமி நாயக்கர். சில நூல்களில் நாயுடு என்று போட்டிருப்பார்கள். மதுரைச் சீமையிலிருந்து வந்த நம் தமிழ்க் கலைஞர். அவர் சொல்லித்தர மறுத்துவிட்டார். வளரும் பையன் நாளைக்குத் தன் இடத்துக்கே போட்டியாக வருவான் என்று அஞ்சினார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாயக்கரைக் கெட்டவராக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கைவித்தைதான் ஒருவருக்குச் சோறு. பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் காயப்படாமல் பால் இறங்கும் என்பதை, கை தேர்ந்த வெட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே நாளில் காட்டிவிடுவாரா? தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் நாயக்கரிடம் வேலை பழகிய சீடர் ஒருவர் இருந்தார், ஆறுமுகம் பிள்ளை என்று பேர். அவர் இராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ரவிவர்மாவிடம் வந்து, குருநாதர் வர்ணம் குழைக்கும் முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. எந்த மெடலிலும் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் இல்லை. அவர் வரைந்த படம் என்று ஒன்றை யாரும் நமக்குக் காட்டவும் இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் இவர்தான். பிழைப்பு போய்விடும் என்று தெரிந்தும் ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாரே!

பிறகு 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் படம் எழுத வந்தார். அவரும் சொல்லித்தர ஒப்பவில்லை. மகாராஜா கேட்டுக்கொண்டதற்காக, தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று மட்டும் விட்டார். ரவிவர்மா நின்றார், பார்த்தார். தூரிகையில் எவ்வளவு எண்ணெய், எந்த வர்ணத்துக்கு மேல் எந்த வர்ணம், எப்போது நிறுத்துவது என்று கண்ணாலேயே பாடம் படித்துக்கொண்டு, அறைக்குத் திரும்பித் தனியாக வரைந்து பார்த்தார். மீதி எல்லாம் பிழை செய்து கற்றதுதான்.

இதற்கிடையில் 1866இல் அவருக்குத் திருமணம் நடந்தது. நம் தஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாரு என்று புதுப் பெயர் வந்ததும் அதே ஆண்டுதான். மணப்பெண் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாய். மாப்பிள்ளை வீட்டில் தங்கியதைவிட ஊர் ஊராகப் போனதுதான் அதிகம். 1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் விரதம் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் ஒரு குடும்பம் தங்களைப் படமாக எழுதித்தரச் சொல்லிக் காசு கொடுத்தது. அரச குடும்பத்துப் பிள்ளை படம் எழுதிக் கூலி வாங்குவதா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1873ஆம் ஆண்டு மதராசில் ஓவியக் கண்காட்சி. தலையில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் நாயர் பெண் ஒருத்தியின் படத்தை ரவிவர்மா அனுப்பினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் அதே ஆண்டு ஆஸ்திரியாவில் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போய் அங்கேயும் பரிசு வாங்கிற்று. மறு ஆண்டு, ஸ்வரபத் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம். அதற்கும் மதராசில் தங்கப் பதக்கம். 1875இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்கு மகாராஜா அந்தப் படத்தைப் பரிசாகக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போய் ஓவியம் படிக்காத இருபத்தேழு வயது இளைஞர்! 1876இல் சகுந்தலை தாமரை இலையில் கடிதம் எழுதும் படத்தை மதராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே வாங்கிக்கொண்டார்.

சகுந்தலை என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது இன்னொரு படம். காட்டில் தோழிமாரோடு நடந்து போகிறாள். காலில் முள் குத்திவிட்டது போலப் பாதத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தோழியின் தோளைப் பிடித்து நிற்கிறாள். ஆனால் கண் முள்ளில் இல்லை. பின்னால் நிற்கும் துஷ்யந்தன் பக்கம் திரும்பியிருக்கிறது, அவன் படத்திலேயே கிடையாது. ஒரு பொய் முள், ஒரு திரும்பிய கழுத்து, இவ்வளவுதான் வரைந்திருக்கிறார், கதை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. தெருக்கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மேடையில் பின்பாட்டும் வசனமும் துணைக்கு உண்டு. இவருக்கு எண்ணெயும் வர்ணமும் தவிர வேறொன்றும் கிடையாது.

1880இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மகாராஜாவுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. கதவு சாத்தியது நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரில் திவானாக இருந்த மாதவராவ் அப்போது பரோடாவில் இருந்தார். அவர் மூலமாகப் பரோடா மகாராஜாவின் அழைப்பு வந்தது. தம்பி ராஜராஜ வர்மாவையும் கூட்டிக்கொண்டு ரவிவர்மா புறப்பட்டார். மாமனின் பெயரையே கொண்ட இந்தத் தம்பியும் நல்ல ஓவியர். அண்ணன் ஆளை எழுதுவார், தம்பி பின்னாலுள்ள மலையையும் மரத்தையும் எழுதிக்கொடுப்பார். கணக்கு வழக்கு, கடிதப் போக்குவரத்து, நாட்குறிப்பு எல்லாம் தம்பி பொறுப்பு. ஓவியம் கேட்டு நாலா பக்கமிருந்தும் வந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபால் ஆபீஸ் திறந்தார்கள் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

1888இல் பரோடா மகாராஜா பதினான்கு புராணப் படங்கள் கேட்டார். சகோதரர்கள் இருவரும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. ஊருக்கு ஊர் உடை வேறு. கடைசியில் சேலைதான் எல்லாருக்கும் பொது என்று முடிவு செய்தார் ரவிவர்மா. நம் மனசில் தேவிமார்கள் சேலையோடு நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். படங்கள் முடிந்து பம்பாயில் காட்சிக்கு வைத்தபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அரண்மனைக்குள் போகும் முன்பு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல்.

அந்தக் கூட்டம் ரவிவர்மாவின் மனசில் ஏதோ செய்திருக்க வேண்டும். ஓர் எண்ணெய் ஓவியம் ஒரு வீட்டில்தான் இருக்க முடியும், அதுவும் ராஜா வீட்டில். மாதவராவ் முன்னமே ஒரு யோசனை சொல்லியிருந்தார். கையால் எழுதித் தீராத அளவுக்குப் படம் கேட்டு ஆள் வருகிறது, அச்சடித்தால் என்ன என்பது அந்த யோசனை. 1894இல் பம்பாய் கிர்காமில் ரவிவர்மா சொந்தமாக அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். கல் அச்சு முறை அது. ஒரு படத்தில் எத்தனை வர்ணமோ அத்தனை கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வர்ணத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் வரைந்து, ஒரே தாளை ஒவ்வொரு கல்லாக அழுத்தி எடுக்க வேண்டும். தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும்.

இப்படித்தான் 1896இல் அவர் எழுதிய லட்சுமியும் சரஸ்வதியும் வீடு தேடி வந்தார்கள். தாமரைமேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலை ஏந்திய யானை. பாறையில் அமர்ந்து வீணை வாசிக்கும் சரஸ்வதி, அருகே மயில். எந்தக் கோயிலின் கல் விக்கிரகத்தையும் பார்த்து எழுதியதல்ல இது. பக்கத்து வீட்டு அக்கா தலை வாரிப் பூ வைத்து நிற்பது போல ஒரு முகம்.

பெரியவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் எத்தனையோ பேரைக் கோயில் வாசலுக்கே விடமாட்டார்கள், தெருவிலேயே நடக்க விடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் சில்லறைக் காசுக்கு ஒரு படம் வாங்கித் தன் குடிசைச் சுவரில் மாட்டி, ஐயர் இல்லாமல், யாரையும் கேட்காமல் கற்பூரம் காட்டலாம் என்று ஆயிற்று. அவர் இதை நினைத்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரமும் அதில் இருந்தது. ஆனால் நடந்தது அதுதான்.

வியாபாரம் என்றேனே, அதில் அவருக்கு அதிர்ஷ்டமே இல்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அச்சகத்தை லோனாவ்லா பக்கம் கொண்டுபோனார்கள். கடன் ஏறியது. போலி அச்சுகளும் சந்தைக்கு வந்தன. கடைசியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வேலை பார்த்த ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார். படங்கள் இலட்சம் வீடுகளுக்குப் போயின, போட்ட முதல் அவருக்குத் திரும்பவில்லை. பின்னாளில் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ராஜா ஹரிச்சந்திராவை 1913இல் எடுத்த பால்கே, அந்த அச்சகத்தில் வேலை பழகியவர்தான்.

அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வெள்ளைக்காரன் பாணியைக் காப்பியடித்தார், நாடக மேடை மாதிரி இருக்கிறது என்று வங்காளத்து ஓவியர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு வேறொரு குறை உண்டு. அவருடைய தேவிமார்கள் எல்லாரும் சிவத்த தோலோடு, வசதியான வீட்டுப் பெண்களாக இருக்கிறார்கள். வெயிலில் கறுத்த நம் அம்மாக்களின் சாயல் அதில் இல்லை. நியாயமாகப் பார்த்தால் இதையும் சொல்ல வேண்டும்: 1893இல் சிக்காகோ கண்காட்சிக்கு அனுப்பிய பத்துப் படங்களில் தென்னாட்டு நாடோடிக் குடும்பம் ஒன்றும் இருந்தது. தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் ஓர் ஏழைத் தாய். அலங்காரம் ஒன்றும் கிடையாது. அந்த அம்மாளின் களைத்துப்போன கண்ணை எழுதிய கை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. சிக்காகோவிலும் அவருக்கு விருது கிடைத்தது.

படம்தான் அமெரிக்கா போயிற்று, அவர் போகவில்லை. கடல் கடந்தால் குலத்துக்கு ஆகாது என்ற கட்டு இருந்த காலம், அவர் கடைசி வரை கப்பலேறி அயல்நாடு போனதில்லை. அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் மதராசிலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ராஜா தாண்டாத கடலை அவர்கள் தாண்டினார்கள். பின்னால் அவர்களின் தகரப் பெட்டியில் அவருடைய படங்களும் மலாயா வந்தன. குளுவாங், சிகாமட், கூலாய் தோட்டங்களின் லயத்து வீடுகளில் சாமி மேடைக்கு மேலே தொங்கின. எல்லாமே அவர் கைப்படம் என்று நினைத்துவிடக் கூடாது. கோவில்பட்டியிலிருந்து கொண்டையராஜு எழுதிய படங்கள் சிவகாசி காலண்டர்களாக வந்ததும் நிறைய. ஆனால் சாமியைச் சுவருக்குக் கொண்டுவரும் பாதையைப் பெரிதாகத் திறந்துவிட்டவர் ரவிவர்மா.

1904இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. 1905 ஜனவரியில் தம்பி ராஜராஜ வர்மா இறந்துபோனார். அவ்வளவு காலம் ஒரே அறையில் ஒரே படத்தில் இரண்டு கையாக வேலை செய்தவர்கள். அண்ணன் அதன்பிறகு தேறவே இல்லை என்கிறார்கள். சர்க்கரை வியாதி வேறு. 1906 அக்டோபர் 2ஆம் நாள் ரவிவர்மா கண்ணை மூடினார். வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய பேத்திகள் இருவரை 1900இல் திருவாங்கூர் அரச குடும்பம் தத்து எடுத்திருந்தது. அவர்களில் இளையவரின் மகன்தான் சித்திரைத் திருநாள் மகாராஜா, அதாவது ரவிவர்மாவின் கொள்ளுப்பேரன். 1936 நவம்பர் 12ஆம் நாள், திருவாங்கூர் அரசின் கோயில்களில் சாதி பார்க்காமல் இந்துக்கள் எல்லாரும் நுழையலாம் என்ற ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அவர். கொள்ளுத்தாத்தாவின் படம் குடிசைக்குள் போய் நாற்பது ஆண்டு கழித்துத்தான் குடிசைக்காரர் கோயிலுக்குள் போனார்.

லோனாவ்லா அச்சகம் 1972இல் தீப்பிடித்தது. கற்களும் பழைய அச்சுகளும் பெரும்பாலும் போயின. எண்ணெய் ஓவியங்கள் திருவனந்தபுரத்திலும், பரோடாவிலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் இருக்கின்றன. 1979இல் இந்திய அரசு அவற்றைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்ததால், இப்போது அவை நாட்டை விட்டு வெளியே விற்பனைக்குப் போக முடியாது.

எங்கள் வீட்டிலும் ஒரு சரஸ்வதி உண்டு. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு மாறிய அன்று, கட்டில், அலமாரி, கோழிக்கூண்டு எல்லாம் லாரியின் பின்னால் ஏறின. அம்மா அந்தப் படத்தை மட்டும் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு குழியில் வண்டி இறங்கிக் கண்ணாடியின் மூலையில் ஒரு விரிசல். கண்ணாடியை மாற்றலாம் என்று நான் பல தடவை சொல்லிவிட்டேன். கழற்றினால் தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்கிறார் அம்மா. விரிசல் வீணையின் மேல்தான் போகிறது, முகத்தில் படவில்லை.